பீப் சத்தம் கேட்டதும் ரேமைத் தூக்கிப் போட வேண்டாம்

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், அவசரம் ஒன்றுமில்லை. பழைய சிபியு ஆன் ஆகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு, உள்ளே விட்டுவிட்டு பீப் சத்தம். சந்தேகம் ரேம் மேல் போவது சரிதான். ஆனால் கெட்டுப்போனது ரேமாகவே இருக்க வேண்டியதில்லை. ரேமும் ஸ்லாட்டும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் தூசியும் ஈரப்பதமும் சேர்ந்து படிந்திருந்தாலும் இதே கதைதான்.

பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். கேபினட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுக்கொண்டு, ஸ்லாட்டின் பூட்டை விலக்கி ரேமை ஓரமாகப் பிடித்து எடுங்கள். தங்க நிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்துவிடுங்கள். ஸ்லாட்டை வாயால் ஊத வேண்டாம், எச்சில் ஈரம் உள்ளே போகும். சின்ன பிரஷ் போதும். திரும்பப் போடும்போது பூட்டு தானாக 'டக்' என்று விழும்வரை அழுத்த வேண்டும்.

அப்புறமும் சத்தம் வந்தால், ஒரு ரேமை மட்டும் போட்டுப் பாருங்கள். எந்த ஸ்லாட்டில் போட்டாலும் தகராறு செய்தால் அந்த ரேம்தான் குற்றவாளி. நல்ல ரேமும் ஒரு ஸ்லாட்டில் மட்டும் மக்கர் செய்தால் கோளாறு மதர்போர்டு பக்கம்.

எனக்கு அதிகம் பயம் தருவது சத்தமே போடாத கோளாறு. விண்டோஸ் திறக்கும், இடையிடையே நீலத்திரை, ஜிப் ஃபைல் விரியாது. மெம்டெஸ்ட்86+ மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்து, ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் விடக்கூடாது. நீங்கள் சேமிக்கும் ஃபைல் ரேம் வழியாகத்தான் டிஸ்குக்குப் போகிறது; வழியில் ஒரு பிட் மாறினால் மாறியதுதான் பதிவாகும். அதனால் சரிசெய்யும்வரை அந்த மெஷினில் பேக்கப்கூட எடுக்காதீர்கள். குழந்தைகளின் போட்டோவெல்லாம் அதில் இருக்கும். டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி எடுங்கள்.

புதிய ரேம் வாங்கியே ஆக வேண்டுமென்றால் ஒரு சிக்கல் உண்டு. ஜி41 சிப்செட் போர்டில் இன்றைய 4 ஜிபி டிடிஆர்3 ரேம் பல வேலை செய்யாது. 8 சில்லு மட்டும் உள்ள 4 ஜிபி ரேமை அந்த போர்டு ஏற்பதில்லை; கடைக்காரர் தன் மெஷினில் போட்டுக் காட்டினால் ஓடும், வீட்டுக்கு வந்தால் திரை வராது. பக்கத்துக்கு 8 வீதம் 16 சில்லு இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.