மூளை ரத்தக்கசிவிலிருந்து மீண்டாச்சு... இந்தப் புது வலி எங்கிருந்து வருகிறது?

‘ஆபத்து தாண்டியாச்சு’ என்று டாக்டர் சொல்லி, வீட்டுக்கும் வந்தாயிற்று. கைத்தடியைப் பிடித்து நடக்கவும் தொடங்கியாயிற்று. நான்காவது மாதம் பாதம் எரிகிறது, கை தானாகத் துடிக்கிறது, கால் வீங்குகிறது. ‘திரும்பவும் மூளையில ரத்தம் கசியுதோ’ என்று ஒரு வீடு தூக்கத்தைத் தொலைக்கிறது. இன்னொரு வீட்டில், ‘ஸ்ட்ரோக் வந்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்’ என்று எண்ணெய் தேய்த்துப் படுக்க வைக்கிறார்கள். காரணம் என்னவென்று தேடாமல் விட்டால், இரண்டு வீட்டுக்கும் நஷ்டம்தான்.

இந்தத் தேடலுக்கு வேலூர் வட்டாரம் புதிதல்ல. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையை 1949-ல் வேலூர் சி.எம்.சி-யில் தொடங்கியவர் டாக்டர் ஜேக்கப் சாண்டி. வலிப்பு நோய் அறுவை சிகிச்சைக்குப் பேர்போன வைல்டர் பென்ஃபீல்டிடம் கனடாவில் பயின்றவர். விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார். அவருடைய முயற்சியில் 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் உருவானது. உயிரைக் காப்பதோடு வேலை முடிவதில்லை என்பதை அன்றே உணர்ந்த ஊர் இது.

முதலில், காத்திருக்கவே கூடாதவை. இடி விழுந்ததுபோல் திடீர்த் தலைவலி, வாந்தி, வாய் கோணுதல், பேச்சுக் குழறல், புதிதாக ஒரு பக்கம் பலவீனம், நினைவு தப்புதல், முதன்முறையாக வலிப்பு... இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். ஜுரமோ சிறுநீர்த் தொற்றோ வந்தால் ஆறிப்போன பழைய பலவீனம் தற்காலிகமாகத் தலைகாட்டுவதும் உண்டு. ஆனால் அதையும் புதுக் கசிவையும் வீட்டில் பிரித்தறிய முடியாது. சி.டி. ஸ்கேனில் புது ரத்தம் வெள்ளையாகத் தெரியும். சில வாரங்கள் போனால் அதே இடம் கறுத்துவிடும். பழைய ஸ்கேனையும் கையோடு கொண்டுபோகச் சொல்வது இதனால்தான்.

சத்தமில்லாமல் வருபவை

கசிவு ஆறிய இடத்தில் தழும்பு உண்டாகி, மாதங்கள் கழித்து வலிப்பு வரலாம். எல்லா வலிப்பிலும் கீழே விழுந்து நுரை தள்ளுவதில்லை. விரல் மட்டும் ஒரு நிமிடம் துடிக்கலாம். சற்று நேரம் வெறித்துப் பார்த்துவிட்டு, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம். வீட்டில் யாராவது செல்போனில் வீடியோ எடுத்து வைத்தால், இ.இ.ஜி. பரிசோதனை அளவுக்கே அது டாக்டருக்கு உதவும்.

பாதம் தரையில் ஒட்டிக்கொண்டதுபோன்ற நடை, அடக்க முடியாத சிறுநீர், மங்கும் ஞாபகம். மூன்றும் மெல்ல மெல்லச் சேர்ந்தால் ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடுகிறார்கள். மூளைக்குள் நீர் தேங்குவதால் இப்படி ஆகலாம். ஸ்கேனில் கண்டுபிடித்துவிட்டால், குழாய் வைத்து நீரை வடிக்கும் அறுவை சிகிச்சையால் பலருக்கு நடை தேறும்.

பாதித்த பக்கம் மட்டும் எரிந்து, பச்சைத் தண்ணீர் பட்டாலே சுட்டதுபோல் இருந்தால், வலியை உணரும் மூளைப் பாதையில் கோளாறு இருக்கலாம். எக்ஸ்ரே எடுத்தால் ஒன்றும் தெரியாது. ‘சும்மா நடிக்கிறாங்க’ என்ற பழிச்சொல் வேறு சேரும். சாதாரண வலி மாத்திரைக்கு இது அடங்காது. நரம்பு வலிக்கான மருந்துகள் தனி. தோள்பட்டை வலியோ பெரும்பாலும் மூட்டிலிருந்து வருவது. எழுந்து உட்கார வைக்கிறோம் என்று தளர்ந்த கையைப் பிடித்து இழுப்பதும் ஒரு காரணம். கையை விட்டுவிட்டு, முதுகுக்கும் இடுப்புக்கும் அணை கொடுத்துத் தூக்க வேண்டும்.

இரண்டு கால்களும் வீங்கினால், பி.பி-க்குத் தரும் அம்லோடிபின் மாத்திரை காரணமாக இருக்கலாம். அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. உயர் ரத்த அழுத்தம்தானே பலருக்கு ரத்தக்கசிவையே கொண்டுவருகிறது! ஒரே ஒரு கெண்டைக்கால் வீங்கி வலித்தால் கதை வேறு. ரத்தம் உறைந்திருக்கலாம். எண்ணெய் போட்டு உருவினால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கும் ஆபத்து உண்டு. டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகுதான் மற்றது.

வேலையையும் சொல்லுங்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைக்காரர்கள் கூடுதலாகச் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. ஷூ கம்பெனியில் பசை ஒட்டும் பிரிவில் பல வருடம் இருந்த ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். ரத்தக்கசிவில் அவருடைய வலது பக்கம்தான் பலவீனமானது. இப்போது மரத்துப்போவதோ இரண்டு பாதங்களும், சாக்ஸ் போட்ட அளவுக்கு. ஒரு பக்க மூளைக் கசிவு பொதுவாக எதிர்ப்பக்க உடம்பைத்தான் பாதிக்கும். இரு பாதங்களும் சமமாக மரத்தால், சந்தேகம் கால் நரம்புகள் பக்கம் திரும்ப வேண்டும்.

சர்க்கரை நோய், பி12 குறைபாடு, மது, நீண்ட காலம் எடுக்கும் ஃபெனிடாயின் என்ற வலிப்பு மாத்திரை என்று அதற்குக் காரணங்கள் பல. பசையில் கலக்கும் கரைப்பான்களும் அந்தப் பட்டியலில் உண்டு. 1960-களில் ஜப்பானில் செருப்பு செய்யும் தொழிலாளர்களின் கால்கள் செயலிழந்தபோது, குற்றவாளி பசையில் இருந்த ஹெக்சேன் என்று தெரியவந்தது. எல்லாப் பசையிலும் அது இருப்பதில்லை. ஆனால் ‘என்ன வேலை பார்த்தீங்க, காத்தோட்டம் இருந்துச்சா’ என்று டாக்டர் கேட்காவிட்டால், நோயாளியே சொல்லிவிடலாம். நரம்பு மின்கடத்தல் பரிசோதனை உண்மையைக் காட்டிவிடும். ஹெக்சேன்தான் காரணம் என்றால், வேலைப் பிரிவை மாற்றினாலே நரம்பு மெதுவாக மீளத் தொடங்கும்.

எந்தக் காரணமானாலும், மரத்த பாதத்துக்குக் கல் குத்துவது தெரியாது. தினமும் இரவில் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். செருப்பை உதறிவிட்டுப் போட வேண்டும். தொழுநோயாளிகளின் உணர்வற்ற பாதங்களுக்காக மென்மையான எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு உருவானதில் டாக்டர் பால் பிராண்டுக்கும் இந்த வேலூர் வட்டாரத்துக்கும் பெரிய பங்குண்டு. உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்பும் ஊரில், மரத்த காலோடு ரப்பர் தேய்ந்த ஹவாய் செருப்பில் நடமாடுவது கொஞ்சம் வேதனைதான்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது எடுத்துப்போக வேண்டியவை: டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய ஸ்கேன், மாத்திரை அட்டைகள், பி.பி. குறித்த நோட்டு. புது அறிகுறி எந்தத் தேதியில் தொடங்கியது, எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் நீடித்தது என்று நாலு வரி எழுதியிருந்தால் போதும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய வலி மாத்திரைகளையும் மறைக்காமல் காட்ட வேண்டும். அவற்றில் சில ரத்த அழுத்தத்தை ஏற்றும். ஆஸ்பிரின் போன்றவை ரத்தக்கசிவுக்கே வழிவிடும்.

இ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளர்களுக்கு இன்னொன்று. ஒரு பக்கச் செயலிழப்பு அங்கே நீண்டகால நோய்களின் பட்டியலில் இருக்கிறது. தகுதி இருந்தால் வழக்கமான நோய்க்கால உதவி முடிந்த பிறகும் உதவித்தொகை தொடரும். கிளை அலுவலகத்தில் விசாரிக்கும்போது மருத்துவச் சான்றிதழ்களின் நகல் கையில் இருக்கட்டும்.