சாங்கி சிறைவாசிகள் பயத்தைக் கடந்த விதம்

டோபி காட் எம்ஆர்டி நிலையத்துக்கு அருகே, ஆர்ச்சர்ட் சாலையில் ஒய்எம்சிஏ கட்டடம் உள்ளது. ஜப்பானிய ஆதிக்கத்தின்போது அதே இடத்தில் இருந்த பழைய கட்டடத்தில்தான் ராணுவக் காவற்படையான கெம்பெத்தாயின் கிழக்கு வட்டாரக் கிளை இயங்கியது. அந்தப் பெயரைக் கேட்டாலே மக்கள் நடுங்கிய காலம் அது.

கெம்பெத்தாயிடம் சிக்கி உயிர் பிழைத்தவர்களில் ஒருவர் சிங்கப்பூரின் ஆங்கிலிக்கன் பேராயர் லெனர்ட் வில்சன். பயத்தை வெல்வது என்றால் பயமே இல்லாமல் இருப்பது என்று பலரும் நினைக்கிறோம். அவரது அனுபவம் வேறொன்றைச் சொல்கிறது.

எதிரணியில் ஒரு சகோதரர்

1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. ஐரோப்பியக் குடிமக்கள் சாங்கி சிறையில் அடைக்கப்பட்டனர். ஆயினும், வில்சனால் ஏறத்தாழ ஓராண்டு காலம் வெளியே இருந்து இறைப்பணி செய்ய முடிந்தது. சமய, கல்வி விவகாரங்களைக் கவனித்த ஜப்பானிய அதிகாரி ஆண்ட்ரூ ஒகாவா அதற்கு வழிசெய்தார். அவரும் ஓர் ஆங்கிலிக்கன் கிறிஸ்துவர்.

1943 மார்ச் மாதம் வில்சனும் சாங்கிக்கு அனுப்பப்பட்டார். திருச்சபை முடங்கிவிடவில்லை. ஆசிய குருமார் பொறுப்பை ஏற்றனர். அவர்களுள் ஒருவர் பினாங்கில் பிறந்த தமிழர், செயிண்ட் ஆண்ட்ரூஸ் பள்ளி ஆசிரியர், முனைவர் டி.டி. செல்லையா. நீரிணைக் குடியேற்றப் பகுதிகளின் கல்விக் கொள்கை குறித்த ஆய்வு நூலால் இன்றும் அறியப்படுபவர் அவர்.

‘இரட்டைப் பத்து’

1943 செப்டம்பர் இறுதியில், நேசப்படை வீரர்கள் சிறு படகுகளில் ரகசியமாக வந்து துறைமுகத்தில் நின்ற ஜப்பானியக் கப்பல்களைத் தகர்த்தனர். சாங்கி கைதிகளே தகவல் கொடுத்திருக்க வேண்டும் என்று கெம்பெத்தாய் சந்தேகித்தது. அக்டோபர் 10ஆம் தேதி சிறையில் சோதனை நடந்தது. பத்தாம் மாதம், பத்தாம் தேதி என்பதால் ‘இரட்டைப் பத்து’ சம்பவம் என்ற பெயர் வந்தது. மொத்தம் 57 பேர் கைதாகி வதைக்கப்பட்டனர். அவர்களில் 15 பேர் மாண்டனர். அவர்களுக்கும் அந்தத் தாக்குதலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

சில நாள்களில் வில்சனும் கைதானார். பல மாதங்கள் காவலில் இருந்தார். இன்னமும் கடவுளை நம்புகிறாயா, அவர் ஏன் உன்னைக் காப்பாற்றவில்லை என்று வதைத்தவர்கள் கேட்டனர். கடவுள் காப்பாற்றுகிறார், வலியை நீக்கி அல்ல, அதைத் தாங்கும் மனத்தைத் தந்து என்பதே அவரது பதிலின் சாரம்.

1946ல் பிபிசி வானொலியில் ஆற்றிய மறையுரையில் அவர் இதை விவரித்தார். மாறி மாறி அடித்தவர்களின் முகங்கள் கொடூரமாக இருந்தன. அவர்களை மன்னிக்கும்படி வேண்டியபோது, உண்மையிலேயே அப்படி விரும்புகிறோமா என்ற ஐயம் அவருக்கே எழுந்தது. பிறகு, அவர்கள் ஒரு காலத்தில் பெற்றோர் அன்பில் விளையாடித் திரிந்த குழந்தைகள்தாமே என்று எண்ணினார். குழந்தைகளை வெறுப்பது கடினமாக இருந்தது என்றார். அன்பு வளர வளர அச்சம் விலகும் என்பது கிறிஸ்துவ சமயத்தின் அடிப்படைப் போதனை. அதை அவர் சொந்த உடலில் சோதித்துப் பார்க்க நேர்ந்தது.

வெளியிலிருந்து நீண்ட கைகள்

நம்பிக்கை தனியாக நின்றிருந்தால் போதியிருக்குமா என்பது நியாயமான கேள்வி. மருத்துவமனைச் சிற்றுண்டிச்சாலை நடத்திய திருவாட்டி எலிசபெத் சோயும் அவரது கணவரும் கைதிகளுக்கு மருந்து, பணம், கடிதங்களை ரகசியமாகக் கொண்டுசேர்த்தனர். அவரும் செயிண்ட் ஆண்ட்ரூஸ் பள்ளி ஆசிரியை, ஆங்கிலிக்கன் கிறிஸ்துவர். 1943 நவம்பரில் பிடிபட்ட அவர், ஏறக்குறைய 200 நாள்கள் காவலில் இருந்தார். மின்அதிர்ச்சி கொடுத்தும் அவர் பணியவில்லை. போருக்குப் பின், தம்மை வதைத்தவர்களுக்கு மரண தண்டனை கேட்க மறுத்தார். போர்தான் மனிதர்களை அப்படி ஆக்கியது என்பது அவர் கருத்து.

வில்சனும் பணிக்குத் திரும்பினார். தம்மை வதைத்தவர்களில் ஒருவர் பின்னர் கிறிஸ்துவரானபோது, அவருக்குத் திடப்படுத்தல் சடங்கை நடத்திவைத்தவர் வில்சனே.

இறைநம்பிக்கை இருந்தால் ஆபத்து வராது என்பதற்கு இந்த வரலாறு சான்றாகாது. மாண்டவர்களின் எண்ணிக்கையே அதற்கு மறுப்பு. பயம் ஒருவரைத் தனிமைப்படுத்துகிறது. யாரையும் நம்பாதே என்கிறது. ஒகாவாவும் செல்லையாவும் சோய் தம்பதியரும் தத்தம் இடத்தில் இருந்தபடியே அந்தத் தனிமையை உடைத்தார்கள். நோய், வேலையிழப்பு, துக்கம் என்று அஞ்சிக் கிடப்பவர் நம் அக்கம்பக்கத்திலும் இருக்கலாம். ‘பயப்படாதே’ என்று தள்ளி நின்று சொல்வதைவிட, பக்கத்தில் போய் உட்காருவதே அவருக்கு உதவும். எந்தச் சமயத்தவரும் அதைச் செய்யலாம்.