குதிரைகளுக்குள் தொற்றுநோய் பரவாது காத்தல்

1872-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 9-ஆம் தேதி அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரில் பெருந்தீ மூண்டபொழுது, தீயணைக்கும் பொறிகள் பலவற்றை மனிதரே இழுத்துச் செல்ல நேர்ந்தது. அவற்றை இழுக்கவேண்டிய குதிரைகளோ, இன்புளுயன்சா என்னும் சளிச்சுரத்தால் இலாயங்களில் இருமிக்கொண்டு நின்றன. கானடா தேசத்தில் தோன்றிய அந்நோய் சில வாரங்களுக்குள் அத்துணைத் தூரம் பரவிவிட்டது.

இது இங்ஙனம் விரைந்து பரவுவதேன்? நோயுற்ற குதிரை இருமுங்கால் வெளிப்படும் நுண்ணிய துளிகளில் நோய்க்கிருமி உளது. அதனை உட்கொண்ட குதிரைக்கு ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் சுரம் காணும். பின்னர் வறட்டிருமலும் மூக்கொழுக்கும் உண்டாம். ஆகவே, இருமல் கேட்டு நாம் விழிப்படையுமுன் அயற்குதிரைகளும் நோய்ப்பட்டிருத்தல் கூடும். அன்றியும், கடிவாளம், நீர்வாளி, குதிரைக்காரனுடைய கை, உடை ஆகியவற்றில் ஒட்டியும் அக்கிருமி இலாயம் விட்டு இலாயம் செல்லும்.

இதற்கு ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்ததே தக்க சான்றாகும். 2007-ஆம் ஆண்டு வரை அந்நாடு இந்நோயை அறியாதிருந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், அயல்நாட்டினின்றும் வந்த குதிரைகளைப் புறம்பாக வைத்திருந்த சிட்னி நகரத்துக் குவாரண்டைன் நிலையத்தினின்று நோய் வெளிப்பட்டது. மதிலும் வாயிலும் இருந்தன. ஆயினும், வெளியேறுவோர் உடல் கழுவி உடை மாற்றும் ஒழுங்கு செவ்வனே நடைபெறவில்லை. மனிதர் உடலிலோ கருவியிலோ ஒட்டியே கிருமி வெளிச்சென்றிருத்தல் வேண்டுமென்று முன்னாள் நீதிபதி இயன் காலினன் நிகழ்த்திய விசாரணை கருதிற்று. ஏறக்குறைய 10,000 இடங்களில், 70,000-க்கு மேற்பட்ட குதிரைகள் நோயுற்றன. அரசாங்கத்தார் குதிரைகளை நின்ற இடத்தைவிட்டு நகர்த்தலாகாதெனத் தடைவிதித்து, நோய் பரவிய பகுதிகளைச் சூழத் தடுப்பூசியும் இடுவித்தனர். அவ்வாண்டு முடிவதற்குள் நோய் அடங்கிற்று.

இதனால் நாம் கைக்கொள்ளத்தக்க முறைகள் தெளிவாகின்றன. புதிதாக வந்த குதிரையை இரண்டு வாரமேனும் தனித்து நிறுத்துக. அதற்கு வாளியும் சேணமும் வேறாக இருக்கட்டும். தினமும் இருமுறை அதன் உடற்சூட்டை அளந்து பார்க்க. ஏறக்குறைய 100 டிகிரி இயல்பு, அதனின் மிக்குயரின் ஐயுறுக. அதனைப் பேணுவோர் ஏனைய குதிரைகளுக்குப் பணிசெய்து முடித்த பின்னரே அதனிடம் செல்லுதல் நன்று. தடுப்பூசி காலந்தவறாது இடத்தக்கதே. எனினும், ஊசி இடப்பெற்ற குதிரை, தான் வாடாதிருந்தும் பிறவற்றிற்கு நோயைத் தருதல் உண்டு.

இக்கிருமி சவர்க்காரத்தாலேயே அழியக்கூடியது. இத்துணை எளிய மருந்து கையிலிருந்தும் ஒரு நாடு இடருற்றதாயின், அது பொருட்குறையன்று. அன்றாடக் கடமையில் நேர்ந்த சோர்வேயாம். இலாயத்தைக் காப்பது மதிலன்று, வாயிலில் நின்று கைகழுவும் மனிதனே என்பதை நாம் மறவாதிருப்போமாக.