முதல் நாள் படத்தில் தெரியாத மறதி

குளிர்ந்த நீரில் ஸ்நானம் செய்துவிட்டு வந்த குடும்பத் தலைவர் ஒருவர், "இன்று என்ன கிழமை? நான் எப்போது இங்கே வந்தேன்?" என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். பதில் சொல்கிறோம். ஐந்து நிமிஷத்துக்குள் அதே கேள்வியை மறுபடியும் கேட்கிறார். தம் பெயர் அவருக்குத் தெரிகிறது; மனைவி மக்களையும் அடையாளம் தெரிகிறது. பேச்சில் குழறல் இல்லை. கை கால்களில் தளர்ச்சி இல்லை. ஆனால் புதிதாகக் கேட்டது எதுவும் மனத்தில் தங்குவதில்லை. வீட்டார் கதிகலங்கிப் போகிறார்கள்.

இந்த விசித்திர நிலைக்குப் பிஷர், ஆடம்ஸ் என்னும் இரு வைத்தியர்கள் ஒரு பெயர் சூட்டினார்கள். தமிழில் அதைத் 'தற்காலிக முழு மறதி' எனலாம். பெரும்பாலும் 50 வயதுக்கும் 70 வயதுக்கும் இடைப்பட்டவர்களுக்கே இது நேர்கிறது. குளிர்ந்த நீர், கடும் உழைப்பு, மிகுந்த மனக்கிளர்ச்சி ஆகியவற்றை அடுத்து வருவதுண்டு. சில மணி நேரத்தில், எப்படியும் 24 மணிக்குள், தானே தெளிந்துவிடுகிறது.

மூளையின் இரு புறத்திலும், காதுக்கு நேர் உட்புறமாக, கடற்குதிரை போன்று வளைந்த ஒரு பகுதி உண்டு. ஹிப்போகாம்பஸ் என்பது அதன் பெயர். கண்டதையும் கேட்டதையும் ஞாபகமாகப் பதிய வைப்பதில் அதற்கே முக்கிய பங்கு. 1953-இல் ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கருக்கு, வலிப்பு நோயைத் தீர்க்கும் பொருட்டு, இரு புறத்திலும் அப்பகுதியைப் பெரும்பாலும் அகற்றினார்கள். அதன் பின் 2008-இல் காலமாகும் வரையில், புதிய சம்பவங்கள் அவர் நினைவில் நிலைக்கவேயில்லை.

எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படக் கருவி, மூளைக்குள் நீரின் அணுத்திரள்கள் அசைவதையும் அளக்கவல்லது. அசைவு தடைப்பட்ட இடம் படத்தில் வெண்மையாகத் தோன்றும். தற்காலிக மறதிக்கு ஆளானவர்களின் ஹிப்போகாம்பஸில் 1 முதல் 5 மில்லிமீட்டர் அளவுள்ள வெண்புள்ளி தென்படுகிறது. ஆனால் அது உடனே தென்படுவதில்லை! 2004-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் 31 நோயாளிகளைப் படம் எடுத்தார்கள். ஆரம்ப மணி நேரங்களில் 2 பேரிடமே புள்ளி தெரிந்தது. 48 மணி நேரம் கழித்து 26 பேரிடம் தெரிந்தது. சில வாரங்களில் அப்புள்ளியும் மறைந்துவிடுகிறது.

ஆகவே, முதல் நாள் படம் சுத்தமாக இருக்கிறது என்பதற்காக, "பாசாங்கு செய்கிறார்", "சித்தப் பிரமை" என்றெல்லாம் முடிவு கட்டுவது அநீதி. அதே சமயம், தானே தெளியுமென்று வீட்டில் காத்திருப்பதும் பேராபத்து. பக்கவாதம், வலிப்பு, ரத்தத்தில் சர்க்கரைக் குறைவு, தலைக் காயம் ஆகியவையும் இதே வேஷத்தில் வரக்கூடும். அவை இல்லையென்று அறியவே முதல் நாள் பரிசோதனை. மறதிதான் என்று உறுதி செய்ய, வைத்தியர் விரும்பினால், மூன்றாம் நாள் இன்னொரு படம்.

இவ்வளவு நுட்பமான கருவி இருந்தும், நேரில் கண்டவரின் சாட்சியம் இன்றியமையாதது. 1990-இல் ஹாட்ஜஸ், வார்லோ என்பவர்கள் வகுத்த விதிகளிலும் அதுவே முதலிடம் பெறுகிறது. மறதி எத்தனை மணிக்குத் தொடங்கியது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், விழுந்தாரா, நினைவு தப்பியதா, வாய் கோணியதா என்பவற்றைக் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். நோயாளியைத் தனியே அனுப்பாமல், கண்டவரே உடன் செல்லவேண்டும்.

பெரும்பாலோருக்கு இது ஆயுளில் ஒரு முறைதான் வருகிறது. ஞாபக சக்தியும் பழையபடி திரும்பிவிடுகிறது. தொலைந்த அந்தச் சில மணி நேரம் மட்டும் மீண்டும் நினைவுக்கு வருவதில்லை. அதை அவருக்கும் வைத்தியருக்கும் எடுத்துச் சொல்லக்கூடியவர்கள் அருகில் இருந்தவர்களே.