குளிசைகளில் ஏற்படும் குறைபாடுகளும் அவற்றின் காரணங்களும்

குளிசை என்பது அச்சுக்குழியில் இட்டு அமுக்கி இறுக்கப்பட்ட மருந்துத் தூளாகும். இம்முறைக்கு 1843 இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற வில்லியம் புறொக்கிடன் வைத்தியரல்லர், ஓவியர். (கலைப் பட்டதாரியாகிய எனக்கு இதில் சிறு பெருமை!) இலங்கையில் 1987 இல் நிறுவப்பட்ட அரச மருந்து உற்பத்திக் கூட்டுத்தாபனம் இரத்மலானையில் பரசிற்றமோல் முதலிய குளிசைகளைத் தயாரிக்கின்றது.

தூளை அப்படியே அமுக்குவது கடினம். ஆகவே அதனைப் பிணைபொருளுடன் குழைத்துச் சிறு மணிகளாக்கி உலர்த்துவர். வீட்டில் பிட்டுக்கு மாக் குழைப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீர் கூடினால் கட்டிபடும். குறைந்தால் மாவாகவே கிடக்கும். குளிசையின் பல குறைபாடுகள் இங்கேயே தொடங்குகின்றன.

மூடி கழறல்: குளிசையின் மேற்பகுதி மூடிபோல் தனியே கழன்று வரும். "அமுக்கம் போதாது" என்றே என் வகுப்பில் பலர் விடை எழுதுவர். அது தவறு. மிக நுண்ணிய தூள் கூடுதலாக இருந்தால் துணிக்கைகளுக்கிடையில் வளி சிறைப்படும். இயந்திரம் விரைவாக இயங்கும்போது அவ்வளி வெளியேற நேரமில்லை. அமுக்கம் நீங்கியதும் அது விரிவடைந்து குளிசையைப் பிளக்கும். இந்நிலையில் அமுக்கத்தை மேலும் கூட்டினால் நிலைமை மோசமாகலாம். மணிகள் அளவுமீறி உலர்ந்திருத்தல், அச்சுக்குழி தேய்ந்திருத்தல் என்பனவும் காரணங்களாம். குளிசை பல படைகளாகப் பிரிவதற்கும் பெரும்பாலும் இவையே காரணம்.

ஒட்டுதல்: ஈரம் மிஞ்சினால் தூள் அச்சில் ஒட்டிக்கொள்ளும், பொறித்த எழுத்துகளும் பெயர்ந்துவிடும். இதைத் தடுக்க மகனீசியம் ஸ்ரியரேற்று என்னும் வழுக்கற்பொருள் சேர்க்கப்படும். அதுவும் கூடினால் ஆபத்து. அது நீரை விலக்குவதால் குளிசை வயிற்றில் கரையத் தாமதிக்கும்.

நிறத்திட்டு: சாயம் சீராகக் கலக்கவில்லை, அல்லது உலரும்போது மேற்பரப்புக்கு நகர்ந்துவிட்டது.

திணிவு வேறுபடல்: அச்சுக்குழி நிரம்புவது கனவளவினால், நிறையினால் அன்று. மணிகள் சீராக வழிந்து விழாவிடில் ஒரு குளிசையில் மருந்து கூடும், மற்றதில் குறையும். கண்ணுக்குத் தெரியாத குறைபாடு இது. நோயாளிக்கு மிகவும் பாதகமானதும் இதுவே. அதனால்தான் குளிசைகளை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்க்கின்றனர். உடையுந் தன்மையை அறிய உருளையில் இட்டு 100 முறை சுழற்றுவர். இழப்பு பொதுவாக 1 சதவீதத்துக்கு மேற்படலாகாது.

குறையின்றித் தயாரித்த குளிசையும் பின்னர் கெடலாம். குருநகர்க் கடற்காற்றில் அஸ்பிரின் போத்தலைத் திறந்து வையுங்கள். சில நாட்களில் வினாகிரி மணம் வந்தால், ஈரத்தால் அஸ்பிரின் பிரிந்து அசற்றிக் அமிலம் உண்டாகியுள்ளது. அதனை விழுங்க வேண்டாம்.