பிறநாட்டு நாயும் மணல் ஈயும்

காட்டுப்பன்றியிடமிருந்து வயலைக் காக்க நாய் வளர்க்காத கமக்காரர் வன்னியில் மிகச் சிலரே. ஐரோப்பாவிலிருந்து ஊர் திரும்பும் உறவினர் தம் நாயையும் உடன் கொணர எண்ணினால், லீஷ்மேனியா என்னும் ஒட்டுண்ணியைப் பற்றி முன்னரே அறிதல் வேண்டும்.

இதனைப் பரப்புவது மணல் ஈ. நுளம்பிலும் சிறியது, ஓசையின்றிப் பறப்பது, அந்தி தொடங்கி விடியும்வரை கடிப்பது. நீரிலன்றிச் சாணமும் குப்பையும் கலந்த ஈரமண்ணிற் பெருகுவதால், தேங்கு நீரை அகற்றினால் மட்டும் போதாது. மாட்டுக்கொட்டிலும் துப்புரவாயிருத்தல் வேண்டும்.

தோலைப் பற்றும் லீஷ்மேனியா இலங்கையில் ஏற்கெனவே உண்டு. உள்நாட்டிலேயே தொற்றிய முதல் நோயாளர் 1992இல் அறியப்பட்டார். நோவற்ற பருவாய்த் தோன்றி, மாதக்கணக்கில் ஆறாப் புண்ணாகும். மத்தியதரைக் கடல் நாடுகளிலுள்ளதோ வேறு இனம். அது ஈரலையும் மண்ணீரலையும் தாக்கும். மருந்து செய்யாவிடின் உயிர் போக்கும். அதற்கு முதன்மையான உறைவிடம் நாயே. அத்தகைய நாய் ஆண்டுக்கணக்கில் நலமாகவே தோன்றக்கூடும். ஐரோப்பியர் குடியேறிய காலத்தில் அவ்வினம் தென்னமெரிக்காவை அடைந்ததென ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். அங்கிருந்த வேறு வகை மணல் ஈ அதனை ஏற்றுக்கொண்டது. பிரேசிலில் இன்றும் மக்கள் அதனால் மடிகின்றனர். நம் மணல் ஈ ஏற்காதென நம்பியிருத்தல் பேதைமை.

நாயைக் கொணருமுன் கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதி பெறுதல் வேண்டும். குருதிச் சோதனையும் செய்விக்க. தொற்றிய புதிதில் சோதனையிலும் தென்படாதாகையால், சில மாதங்களின் பின் மீண்டும் சோதிப்பிக்க. கண்ணைச் சுற்றி மயிர் உதிர்ந்து, நகம் மிக நீண்டு, மெலிந்துவரும் நாயை மிருக வைத்தியரிடம் காட்டுக. ஆறாத பருவுடையோர் தாமதியாது அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்க.