இன்னொரு நெஞ்சுக்கு

நெஞ்சுக்குள் ஒரு கருவி – 6

பேஸ்மேக்கர் வைத்திருந்தவர் இறந்துவிட்டால், உடலைத் தகனம் செய்யும் முன் அதை வெளியே எடுத்துவிட வேண்டும். உள்ளே இருக்கும் பேட்டரி சூட்டில் வெடிக்கும், உலையையும் சேதப்படுத்தும். எடுப்பது பெரிய வேலையல்ல. காறை எலும்புக்குக் கீழே சின்னதாக ஒரு கீறல் போட்டு வயரை வெட்டினால் டப்பா கையோடு வந்துவிடும். அதற்குப் பிறகு அது எங்கே போகிறது?

அதைச் சொல்லும் முன் விலையைப் பற்றிக் கொஞ்சம். போன வாரம், அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட்டின் விலையைப் பார்த்தோம். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு உச்சவரம்பு கட்டியதும், லட்ச ரூபாயைத் தாண்டி விற்ற மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய்க்கு இறங்கியது. அப்போது பேஸ்மேக்கருக்கு அப்படி எதுவும் கட்டவில்லை. 2020 ஏப்ரலில் மருத்துவக் கருவிகள் எல்லாவற்றையும் மருந்துக் கணக்கில் சேர்த்தார்கள். அதனால் வருடத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் விலையை ஏற்ற முடியாது. ஏற்கெனவே எட்டாத விலையில் இருப்பதை இது கீழே கொண்டுவராது.

மும்பை தாராவியில் பேஸ்மேக்கரை 'பேட்டரி' என்பார்கள். "அப்பாவுக்கு பேட்டரி வெச்சிருக்கு" என்றால் எல்லோருக்கும் புரியும். இதயத்தின் மேலறையில் பிறக்கும் மின்துடிப்பு கீழறைக்கு வந்து சேராமல் வழியில் நின்றுபோவதுண்டு. நாடி முப்பது, நாற்பதுக்கு இறங்கும். மாடிப்படி ஏறும்போது கண் இருட்டும், திடீரென்று விழுவார்கள். மாத்திரையால் இதைச் சரிசெய்ய முடியாது. டைட்டானியம் டப்பா ஒன்றைத் தோலுக்கடியில் வைத்து, அதிலிருந்து ஒரு வயரை ரத்தக்குழாய் வழியாக வலது கீழறைக்குள் இறக்குவார்கள். ஒவ்வொரு துடிப்பையும் அது பார்த்துக்கொண்டே இருக்கும். துடிப்பு வரத் தாமதித்தால் மட்டும் மெல்லிய மின்துளி ஒன்றை அனுப்பும்.

தாராவியிலிருந்து மித்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாந்த்ராவில் ஹோலி ஃபேமிலி மருத்துவமனை இருக்கிறது. அமெரிக்காவில் இறுதிச்சடங்கு நிலையங்கள் குடும்பத்தாரின் சம்மதத்தோடு எடுத்துக் கொடுத்த பேஸ்மேக்கர்கள் அங்கே வந்தன. பேட்டரி போதிய அளவு மிச்சமிருந்தவற்றைப் பொறுக்கி, சுத்தம் செய்து, எத்திலீன் ஆக்சைடு வாயுவில் கிருமி நீக்கி, 53 ஏழை நோயாளிகளுக்குப் பொருத்தினார்கள். டப்பா மட்டுமே பழசு. 2012இல் அமெரிக்க இதயநோய் இதழ் ஒன்றில் வந்த அந்த ஆய்வில் ஒருவருக்கும் கிருமித்தொற்று இல்லை.

அதே ஆண்டு வந்த இன்னொரு மும்பை ஆய்வு எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. மருத்துவர்கள் பெஹ்ஸாத் பவ்ரி, யஷ் லோக்கண்ட்வாலா முதலானோர் செய்தது. இங்கே கருவி ஐ.சி.டி. இதயம் தறிகெட்டுத் துடிக்கும்போது உள்ளிருந்தே ஷாக் கொடுத்து நேராக்குவது. பேஸ்மேக்கரைவிட விலை கூடியது. மறுபடி பயன்படுத்திய ஐ.சி.டி.யைப் பெற்ற 81 பேரில் 44 பேருக்கு, வேண்டிய நேரத்தில் அது சரியாக வேலை செய்தது. அந்த 44 பேரில் எத்தனை பேர் அது இல்லாமல் வீடு திரும்பியிருப்பார்கள்?

அமெரிக்காவில் இப்படி மறுபடி பொருத்துவது அனுமதிக்கப்படவில்லை. ஒரு கருவி ஒருவருக்கு மட்டும்தான் என்பது அங்குள்ள விதி. "பணக்கார நாடு கழித்துப்போட்டதை ஏழை நெஞ்சில் வைப்பதா?" என்று கேட்பவர்களின் கோபம் நேர்மையானது. அதை நான் ஒதுக்கிவிட மாட்டேன். ஆனால் புதியதா பழையதா என்று தேர்ந்தெடுக்கும் நிலையில் அந்த நோயாளி இல்லை. பழையதா, ஒன்றுமே இல்லையா என்பதே அவர் முன்னால் இருப்பது. 2020இல் வந்த ஒரு பெரிய ஆய்வு, மெக்சிகோ உள்ளிட்ட நாடுகளில் பழைய கருவி பெற்ற 1,051 பேரை, கனடாவில் புதியது பெற்றவர்களோடு ஒப்பிட்டது. தொற்று பழையது பெற்றவர்களில் 2 சதவீதம், புதியது பெற்றவர்களில் 1.2. அந்த வித்தியாசத்தைத் தற்செயல் அல்ல என்று சொல்லக் கணக்கு இடம் தரவில்லை. பழையதை வைப்பதென்றால், நோயாளிக்கு அவர் மொழியிலேயே எல்லாவற்றையும் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். பிறகு வரும் பரிசோதனைகளில், புதியது வைத்தவருக்கும் இவருக்கும் வேறுபாடு காட்டக் கூடாது.

தாராவி ஓரத்திலேயே சயான் மருத்துவமனை இருக்கிறது, பரேலில் கே.இ.எம். இரண்டும் மாநகராட்சியுடையவை. கண் தானத்துக்கு இருப்பதுபோல இதற்கும் ஒரு படிவம் அங்கே வைக்கலாம். கருவி பொருத்தும் நாளிலேயே, 'எனக்குப் பிறகு இதை இன்னொருவருக்குக் கொடுங்கள்' என்று நோயாளி கையெழுத்துப் போட்டுவைத்தால், துக்க வீட்டில் யாரும் யாரிடமும் போய்க் கேட்க வேண்டியிருக்காது.

(அடுத்த வாரம்: திருவனந்தபுரத்தில் பிறந்த சித்ரா வால்வு)